புள்ளி தெரியணும்னு வாங்குன லேப்டாப்

போன வாரம் ஃப்ரெண்டு ஒருத்தன் மெசேஜ் போட்டான், "மாப்ள, நீ வெச்சிருக்கியே அதே மாடல், அதே ஹை ரெசல்யூஷன் ஸ்க்ரீன், செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வருது, எடுக்கலாமா"ன்னு. ஆமா இல்லன்னு ஒரே வார்த்தைல முடிச்சிருக்கலாம், ஆனா டைப் பண்ண ஆரம்பிச்சா கை நிக்கவே இல்ல, நாலு நீள மெசேஜ் தாண்டிப் போச்சு, அவனே "டேய் இதை எங்கயாவது மொத்தமா எழுதி வெய்யி, பொறுமையா படிச்சுக்கறேன்"ன்னுட்டான். அதான் இது. கம்பெனி பேரோ மாடல் பேரோ சொல்லப் போறதில்ல, ஏன்னா நான் பட்டதுல பாதிக்கு மேல ஒல்லியா இருக்கற எந்த லேப்டாப்லயும் வரக்கூடியது, ஒருத்தரை மட்டும் திட்டி என்ன ஆகப் போவுது.

மெஷின் இதுதான். 2017ல வாங்குனது. 13.3 இன்ச், 3200க்கு 1800 டச் ஸ்க்ரீன், இன்டெல் ஏழாவது ஜெனரேஷன் ஐ5, 15 வாட் ப்ராசசர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. அப்போல்லாம் இந்த மாதிரி மெஷினை அல்ட்ராபுக்னு சொல்லுவாங்க, 2011ல இன்டெல் கெளப்பிவிட்ட பேரு, அவங்க ட்ரேட்மார்க் வேற. இப்ப யாரும் அந்தப் பேரை எடுக்கறதே இல்ல, எல்லா லேப்டாப்பும் ஒல்லியாயிட்ட அப்புறம் தனியா பேரு எதுக்கு.

நான் இதை எடுத்தது ஸ்பீடுக்கோ எடைக்கோ இல்ல, எழுத்துக்கு. எனக்கு வேலை தமிழ்ல ப்ரூஃப் பாக்கறது. அதுக்கு முன்னாடி இருந்தது 15.6 இன்ச், 1366க்கு 768, அதாவது இன்ச்சுக்கு 100 பிக்சல். இங்கிலீஷ் படிக்க அது போதும், தமிழுக்குப் போதாது, இது ப்ரூஃப் பாக்கறவங்களுக்கு மட்டும்தான் புரியும்னு நெனைக்கறேன். 'பி'க்கும் 'பீ'க்கும் என்ன வித்தியாசம், மேல கொம்புல ஒரு சின்ன சுழி, அவ்ளோதான். பத்து பாயின்ட் எழுத்துல அந்த சுழிக்கு ஸ்க்ரீன்ல கெடைக்கறது ஒண்ணோ ரெண்டோ பிக்சல், அது ஒரு சாம்பல் கறையாத்தான் தெரியும், இது பியா பீயான்னு அர்த்தத்தை வெச்சு யூகிக்கணும். யூகிச்சுப் படிக்கறவன் எப்படிங்க ப்ரூஃப் பாக்கறது? ப்ரூஃப் பாக்கறதோட மொத்தக் கதையே யூகிக்காம படிக்கறதுதான். அதே மாதிரி 'ர'வும் துணைக்காலும், 'ண'வோட சுழி எத்தனைங்கறது, 'ஞ' அடைச்சுக்கிட்டு ஒரு கருப்பு உருண்டையா நிக்கறது, எல்லாம் இருக்கு. ஜூமை 180ல வெச்சு வேலை பாப்பேன், அப்ப பக்கத்துல பாதிதான் தெரியும், ஸ்க்ரால் பண்ணி ஸ்க்ரால் பண்ணி விரல் தேயும்.

புது மெஷின் வந்த அன்னிக்கு மொத வேலையா ஏற்கனவே முடிச்சுக் குடுத்த ஒரு பிடிஎஃப்பைத் தொறந்தேன். ஒண்ணு கவனிச்சேன், மெய்யெழுத்து மேல புள்ளி வட்டமா இருந்துச்சு. சிரிக்காதீங்க. அதுவரைக்கும் ஸ்க்ரீன்ல புள்ளிங்கறது எனக்கு ஒரு சதுரம், சில ஃபான்ட்ல ஒரு கோடு. இதுல நிஜமாவே வட்டமா, மை வெச்சு அச்சடிச்ச மாதிரி இருந்துச்சு. அடுத்த நிமிஷம் சந்தோஷம் போச்சு, ஏன்னா மூணாவது பக்கத்துல 'சிறு'ன்னு இருக்க வேண்டிய எடத்துல 'சீறு'ன்னு இருந்தது அப்பத்தான் கண்ணுல பட்டுச்சு. நான் ஓகே பண்ணி அனுப்பி ரெண்டு மாசம் ஆச்சு.

சரி, ஸ்க்ரீன் கணக்கு. 13.3 இன்ச்சுல 3200க்கு 1800னா இன்ச்சுக்கு 276 பிக்சல். ஃபுல் எச்டியோட, அதாவது 1920க்கு 1080ஓட பாத்தா கிட்டத்தட்ட 2.8 மடங்கு பிக்சல், 57.6 லட்சம் பிக்சலை அந்தக் குட்டி கிராஃபிக்ஸ் சிப் ஒவ்வொரு செகண்டும் 60 தடவை கவனிச்சுக்கணும். இவ்ளோ தேவையான்னா, உண்மையைச் சொல்றேன், தேவையில்ல. நல்லா இருக்கற கண்ணு பிரிச்சுப் பாக்கக்கூடியது ஒரு டிகிரில அறுபதுல ஒரு பங்குன்னு பொதுவா சொல்லுவாங்க, லேப்டாப்பை நாம வெக்கற 50 சென்டிமீட்டர் தூரத்துல கணக்கு போட்டா இன்ச்சுக்கு 175 பிக்சல் கிட்ட வருது. 276ஐ முழுசா அனுபவிக்கணும்னா மூஞ்சியை 32 சென்டிமீட்டர்க்கு கொண்டு போகணும், நான் போவேன், அது என் பொழப்பு. மத்தவங்களுக்கு 13 இன்ச்சுல 2560க்கு 1600னு ஒண்ணு வருதுல்ல, அது இன்ச்சுக்கு 227, தாராளம். 13 இன்ச்சுல 4கேன்னு விக்கறாங்களே, 331, அது யாரு கண்ணுக்குன்னு எனக்குத் தெரியல.

இப்ப தொல்லைக்கு வருவோம். டப்பாலருந்து எடுத்து ஆன் பண்ணா விண்டோஸ் தானாவே ஸ்கேலிங், அதாவது எழுத்து ஐகான் எல்லாத்தையும் பெருசாக்கிக் காட்டற அளவு, 250 சதவீதம்னு வெச்சிருந்துச்சு. 3200ஐ 2.5ஆல வகுத்தா 1280, 1800ஐ வகுத்தா 720. அதாவது இவ்ளோ பிக்சல் வாங்கிட்டு எனக்குக் கெடைச்ச எடம் 1280க்கு 720, என் பழைய மெஷினை விடக் கம்மி! எழுத்து ஷார்ப்பு, எடம் இல்ல. ரெண்டு ஜன்னலைப் பக்கத்துல பக்கத்துல வெக்க முடியல. நிறைய பேரு இதைப் பாத்துட்டு ஸ்க்ரீன் சின்னதுன்னு நெனச்சுட்டு அப்படியே விட்டுடறாங்க. 200ல வெய்யுங்க, 1600க்கு 900 எடம் கெடைக்கும், சரியா ரெண்டு மடங்குங்கறதால கோடு எல்லாம் சுத்தமா விழும். 225 மாதிரி நடுவுல இருக்கறதை விட ரெண்டு மடங்கு எப்பவும் நல்லது. மாத்துன ஒடனே ஒரு தடவை சைன் அவுட் பண்ணிட்டு வாங்க, இல்லன்னா தொறந்திருக்கற சாஃப்ட்வேர் எல்லாம் பழைய கணக்குலயே இருந்து மங்கலாத் தெரியும், அதைப் பாத்துட்டு ஸ்க்ரீன் சரியில்லன்னு சொல்லாதீங்க, நான் சொல்லிட்டேன் கஸ்டமர் கேர்ல, அப்புறம் அசடு வழிஞ்சேன்.

பழைய சாஃப்ட்வேர் ரெண்டு விதமா படுத்தும். ஒண்ணு மங்கல். விண்டோஸ்ல பல காலமா இன்ச்சுக்கு 96ங்கற கணக்குல எழுதுன சாஃப்ட்வேருக்கு ஹை டிபிஐ, அதாவது இன்ச்சுக்கு நிறைய பிக்சல் இருக்கற ஸ்க்ரீன்னா என்னன்னே தெரியாது, அதனால விண்டோஸ் அதை சின்னதா வரைய விட்டு அந்தப் படத்தை அப்படியே இழுத்துப் பெருசாக்கும், ஃபோட்டோவை இழுத்த மாதிரி. நான் யூஸ் பண்ற ஒரு பழைய ஃபான்ட் கன்வர்ட்டர் இருக்கு, பழைய எழுத்துருல டைப் பண்ணி வர்றதை யூனிகோடுக்கு மாத்தறது, அதை எழுதுனவரு எப்பவோ கைவிட்டுட்டாரு, அதைத் தொறந்தா கண்ணாடி கழட்டிட்டுப் பாத்த மாதிரி இருக்கும். ஊரே தெளிவா இருக்கு, நடுவுல இந்த ஒரு ஜன்னல் மட்டும் பனி மூட்டம். ரெண்டாவது விதம் இதுக்கு நேர் எதிர், எனக்கு ஹை டிபிஐ தெரியும்னு பொய் சொல்லிட்டு ஒண்ணுமே பண்ணாத சாஃப்ட்வேர். அது அசல் பிக்சல்லயே வரையும், பட்டன் எல்லாம் எறும்பு சைஸ். ஒரு பழைய ஃபோட்டோ எடிட்டர் இப்படி, டூல் ஐகான்ல ப்ரஷ் எது எரேசர் எதுன்னு டச்பேட்ல கொண்டு போய் நிறுத்தி பேரு வர்ற வரைக்கும் காத்திருந்து பாப்பேன்.

மங்கலுக்கு வைத்தியம் இருக்கு, 2017ல வந்த விண்டோஸ் 10 க்ரியேட்டர்ஸ் அப்டேட்லருந்து. ஐகான் மேல ரைட் க்ளிக், ப்ராப்பர்ட்டீஸ், காம்பேட்டிபிலிட்டி டேப், அதுல ஹை டிபிஐ செட்டிங்ஸ்னு ஒரு பட்டன், உள்ள ஓவர்ரைடுன்னு ஒரு டிக், டிக் பண்ணா அப்ளிகேஷன், சிஸ்டம், சிஸ்டம் என்ஹான்ஸ்டுன்னு மூணு சாய்ஸ். மங்கலா இருக்கறதுக்கு மொதல்ல சிஸ்டம் என்ஹான்ஸ்டு போட்டுப் பாருங்க, எழுத்தை மட்டும் புதுசா ஷார்ப்பா வரையும், படம் ஐகான் எல்லாம் பழையபடி மங்கலாவே இருக்கும். என் கன்வர்ட்டர் இதுல பொழச்சுது. எறும்பு சைஸ்க்கு சிஸ்டம் போடுங்க, மங்கலாயிடும் ஆனா விரல் வெக்கற அளவுக்குப் பெருசாவும். ரெண்டுல ஒண்ணு, வேற வழியில்ல. எல்லா சாஃப்ட்வேருக்கும் ஒரே மருந்து வேலை செய்யாது, ஒவ்வொண்ணா போட்டுப் பாக்க வேண்டியதுதான், என் மெஷின்ல பதினோரு ஐகானுக்கு தனித்தனியா செட்டிங் பண்ணி வெச்சிருந்தேன், ஒரு தடவை ஃபார்மட் பண்ணப்ப எல்லாம் போச்சு.

வெளி மானிட்டர் கதை தனி. வீட்ல 24 இன்ச் ஃபுல் எச்டி மானிட்டர் ஒண்ணு இருக்கு, இன்ச்சுக்கு 92 பிக்சல், லேப்டாப்ல 276, சரியா மூணு மடங்கு. லேப்டாப்ல 200, மானிட்டர்ல 100ன்னு வெச்சு ஒரு ஜன்னலை இங்கருந்து அங்க இழுத்தா பாதி வழில அது யானையாவும், அப்புறம் டக்குனு சுருங்கும், சிலது சுருங்காமலே யானையா உக்காந்துக்கும். மவுஸ் பாயின்டர் எல்லையைத் தாண்டும்போது ஒரு குதி குதிக்கும். விண்டோஸ் 8.1லருந்து ஒவ்வொரு மானிட்டருக்கும் தனி ஸ்கேலிங் வந்தாச்சு, ஆனா சாஃப்ட்வேர் எழுதறவங்க அதை மதிக்கணும்ல. நான் கடைசில என்ன பண்ணேன்னா, மானிட்டர்ல ப்ரவுசர் மட்டும், மத்ததெல்லாம் லேப்டாப்ல. ப்ரவுசருங்க இந்த விஷயத்துல ஒழுங்கு. அப்புறம் 4கே மானிட்டர் வாங்கி எச்டிஎம்ஐல சொருகப் போறீங்கன்னா ஒரு விஷயம், அந்தக் காலத்து ஒல்லி லேப்டாப்ல நிறைய எச்டிஎம்ஐ 1.4தான், 4கேல 30 ஹெர்ட்ஸ்க்கு மேல போகாது, மவுஸை அசைச்சா சகதில நடக்கற மாதிரி இருக்கும். யூஎஸ்பி சி போர்ட்ல டிஸ்ப்ளே வருதான்னு பாத்து அதுல போடுங்க.

ஸ்க்ரீன்லயே ரெண்டு வியாதி இருந்துச்சு. மொதலாவது மஞ்சள். பிடிஎஃப்ல தப்பை மஞ்சள்ல ஹைலைட் பண்ணுவேன், இந்த ஸ்க்ரீன்ல அது மஞ்சளா இல்ல, அழுக்குக் காவி. ஃபோன்ல அதே ஃபைலைப் பாத்தா பளிச்னு மஞ்சள். தேடித் தேடிப் பாத்தா விஷயம் இது: அந்த சமயத்துல சில 3200க்கு 1800 பேனல்ல ஒவ்வொரு பிக்சல்லயும் சிவப்பு பச்சை நீலம் மூணும் முழுசா கெடையாது, நடுவுல வெள்ளைன்னு ஒரு சப்பிக்சலைச் சொருகி இருப்பாங்க, பேக்லைட்டைக் கம்மியா எரிச்சு வெள்ளையை மட்டும் வெளிச்சமாக் காட்டலாம், கரன்ட் மிச்சம். ஆனா மஞ்சளுக்கு சிவப்பும் பச்சையும் மட்டும்தான எரியணும், பக்கத்துல இருக்கற வெள்ளையோட பாக்கும்போது மஞ்சள் செத்துப் போய்த் தெரியும். பயாஸ், அதாவது மெஷினை ஆன் பண்ணதும் விண்டோஸ்க்கு முன்னாடி ஓடற அடிப்படை சாஃப்ட்வேர், அதோட அப்டேட்ல கொஞ்சம் சரியாச்சு, ப்ரைட்னஸை நல்லா ஏத்துனா இன்னும் கொஞ்சம். நான் ஹைலைட் கலரை பச்சைக்கு மாத்திட்டேன், பிரச்சினை தீர்ந்துச்சு.

ரெண்டாவது, ப்ரைட்னஸ் தானா ஏறி இறங்கறது. வெள்ளைப் பக்கத்துலருந்து கருப்பு ஜன்னலுக்குப் போனா ஸ்க்ரீன் மெதுவா மங்கும், திரும்பி வந்தா மெதுவா வெளிச்சமாவும். கண்ணு கோளாறுன்னு டாக்டர்கிட்ட போற அளவுக்கு வந்துட்டேன். இன்டெல் கிராஃபிக்ஸ் செட்டிங்ஸ்ல பவர் பக்கத்துல டிஸ்ப்ளே பவர் சேவிங்னு ஒண்ணு இருக்கும், பேட்டரில ஓடும்போது மட்டும் வேலை செய்யும், அதை ஆஃப் பண்ணுங்க. அதே எடத்துல பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ்னு இருந்தா அதையும் ஆஃப் பண்ணுங்க, ஸ்க்ரீன் திடீர்னு மினுக்குனா இல்ல கர்சர் மட்டும் ஒரு செகண்ட் உறைஞ்சா பெரும்பாலும் அதுதான் காரணம். அது பண்ணியும் போகலன்னா சில மெஷின்ல பயாஸ் உள்ள ஒரு ஆப்ஷன் இருக்கு. அதுலயும் இல்லாம போச்சுன்னா அந்த ஸ்க்ரீன் ஃபர்ம்வேருக்கு கம்பெனி ஏதாவது அப்டேட் விட்டிருக்கான்னு பாருங்க, அவ்ளோதான் நம்ம கைல.

பேட்டரியும் ஸ்க்ரீனுக்குப் பலி. பிக்சல் சின்னதாக ஆக ஒவ்வொண்ணுலயும் வெளிச்சம் வெளிய வர்ற ஓட்டை சின்னதாவுது, அதே வெளிச்சம் வேணும்னா பேக்லைட்டை அதிகமா எரிக்கணும். என் கூட வேலை பாக்கறவ இதே மாடல்ல ஃபுல் எச்டி எடுத்தா, அவளுக்கு ஒரு நாள் வேலை ஓடும், எனக்கு புதுசுலயே ஆறு மணி நேரம், சார்ஜரை எடுத்துட்டுப் போகாத நாளே கெடையாது. ரெசல்யூஷனை செட்டிங்ஸ்ல குறைச்சு வெச்சா பேட்டரி மிச்சமாகும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, பேக்லைட் அதே பேக்லைட்தான், பேனல்ல பிக்சல் எண்ணிக்கை மாறாது, எழுத்து மங்கறது மட்டும்தான் மிச்சம்.

சூடு பத்தி நிறைய சொல்ல வேண்டியதில்ல, ஒல்லி மெஷின், ஒரே ஹீட் பைப், ஒரு குட்டி ஃபேன், தூசி அடைச்சா 97 டிகிரி போகும், தொறந்து ஊதி புது தெர்மல் பேஸ்ட் போட்டா 80 சில்லறைக்கு வரும், வருஷத்துக்கு ஒரு தடவை இது பண்ணியே ஆகணும். ஒரு வயித்தெரிச்சல் மட்டும். ப்ராசசருக்குப் போற வோல்டேஜைக் கொஞ்சம் குறைச்சு வெச்சா, அன்டர்வோல்ட்னு சொல்லுவாங்க, ஸ்பீடு குறையாம சூடு குறையும், நானும் வெச்சு ரெண்டு வருஷம் நிம்மதியா இருந்தேன். 2019 டிசம்பர்ல ப்ளண்டர்வோல்ட்னு ஒரு பாதுகாப்பு ஓட்டையை வெளிய சொன்னாங்க, அந்த வோல்டேஜ் மாத்தற வசதியை வெச்சே ப்ராசசருக்குள்ள பூட்டி வெச்ச ரகசியத்தை எடுக்கலாம்னு. உடனே நிறைய லேப்டாப் கம்பெனிங்க பயாஸ் அப்டேட்ல அந்த வசதியையே பூட்டிட்டாங்க. நானும் அப்டேட் வந்திருக்கேன்னு நல்ல பிள்ளையா போட்டேன், ஃபேன் அன்னிலருந்து கத்த ஆரம்பிச்சுது.

ஃபேன் இல்லாத நேரத்துல இன்னொரு சத்தம், காயில் வைன்னு பேரு. ராத்திரி அமைதில காதை கீபோர்டு கிட்ட கொண்டு போனா ஸ்க்ரால் பண்ற தாளத்துக்கு கீச் கீச்னு ஒரு பூச்சி கத்தும், கரன்டை ஒழுங்கு பண்ற காயில் அதிர்றது அது. ஆபத்தில்ல. பயாஸ்ல சி ஸ்டேட்டை ஆஃப் பண்ணா நிக்கும்னு சொல்லுவாங்க, நிக்கும், ப்ராசசர் தூங்கவே தூங்காது, பேட்டரி இன்னும் சீக்கிரம் போயிடும். எனக்கு கொஞ்ச நாள்ல பழகிடுச்சு, காதுக்கு வயசாச்சோ என்னவோ.

தூக்கம்னதும் ஞாபகம் வருது. மூடியை மூடி பைல போட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுத்தா இஸ்திரிப்பெட்டி மாதிரி கொதிக்குது, பேட்டரி 20. இதுக்குக் காரணம் மாடர்ன் ஸ்டாண்ட்பைங்கற தூக்கம், பழைய எஸ்3 தூக்கத்துல ரேமைத் தவிர மத்ததெல்லாம் அணைஞ்சுடும், இதுல மெஷின் ஃபோன் மாதிரி கண்ணை மூடிக்கிட்டு முழிச்சிருக்கும், நெட் வந்துச்சா, அப்டேட் வந்துச்சான்னு பாத்துக்கிட்டே இருக்கும். ஃபோன்ல சரி. காத்து போக வழியில்லாத பைக்குள்ள ஃபேன் வெச்ச மெஷினுக்கு இது தேவையா? நான் மூடியை மூடுனா ஹைபர்னேட் ஆகற மாதிரி, அதாவது ரேம்ல இருக்கறதை எஸ்எஸ்டில எழுதி வெச்சுட்டு முழுசா அணையற மாதிரி, பவர் ஆப்ஷன்ல மாத்திட்டேன். திரும்ப எழுந்திரிக்க பதினஞ்சு செகண்டு ஆகும், ஆகட்டும்.

ஆனா அதுக்குள்ள அந்த சூடு தன் வேலையைக் காட்டிடுச்சுன்னு நெனைக்கறேன். மூணாவது வருஷம் நடுவுல ஒரு நாள் டச்பேட்ல க்ளிக் பண்ணா க்ளிக் ஆகல. வலது பக்கம் ஆகுது, இடது பக்கம் கல்லு மாதிரி. தூசி போயிருக்கும்னு காத்து அடிச்சேன், டிரைவரை எடுத்துட்டுத் திரும்பப் போட்டேன், நெட்ல சொன்ன எல்லாத்தையும் பண்ணேன். ஒரு வாரம் அந்தப் பக்கமே போகாம தட்டித் தட்டி வேலை பாத்தேன். அப்புறம் மேஜை மேல வெச்சு டைப் பண்ணும்போது மெஷின் லேசா ஆடுது, நொண்டி நாற்காலி மாதிரி, ஒரு மூலையை அமுக்குனா எதிர் மூலை தூக்குது. மேஜைதான் சரியில்லன்னு காகிதத்தை மடிச்சு வெச்சேன் பாருங்க, அங்கதான் என் புத்தி. தரைல வெச்சாலும் ஆடுச்சு. மூடியை மூடி கண்ணு மட்டத்துல வெச்சுப் பக்கவாட்டுல பாத்தா அடிப்பலகை நடுவுல வயிறு தள்ளியிருக்கு.

அடில எட்டு ஸ்க்ரூ, டி5 டார்க்ஸ், கம்பெனி பேரு போட்ட தகட்டுக்குக் கீழ ஒளிச்சு வெச்சது ஒண்ணு. கடைசி ஸ்க்ரூ வர்றதுக்குள்ள பலகை தானா டப்னு எழும்புச்சு. உள்ள பேட்டரி நாலு பாக்கெட், நடுவுல இருந்த ரெண்டு ஊதி தலகாணியாயிருக்கு, டச்பேடை கீழருந்து தள்ளி க்ளிக் ஆகாம பண்ணதும் அதுதான். வெள்ளி உறை இழுத்துப் பிடிச்சு பளபளன்னு நிக்குது, லேசா ஒரு இனிப்பு வாசனை, நெயில் பாலிஷ் மாதிரி. உள்ள இருக்கற எலக்ட்ரோலைட் சிதைஞ்சு கேஸ் ஆகி அப்படி ஊதும், சூடும், எப்பவும் நூறு சதவீதம் சார்ஜ்ல சொருகியே வெச்சிருக்கறதும் சேர்ந்து பண்ற வேலை. நான் ரெண்டும் பண்ணிருக்கேன். அந்த ஒரு வாரமும் மடில வெச்சு வேலை பாத்ததை நெனச்சா இப்பவும் அடிவயிறு கலங்குது.

ஊதுனது தெரிஞ்சா சார்ஜ் போடறதை அந்த நிமிஷமே நிறுத்துங்க, அமுக்காதீங்க, குத்தி காத்தை விடலாம்னு எவனாவது வீடியோ போட்டிருந்தா அவனை ப்ளாக் பண்ணுங்க, குத்துனா தீப்பிடிக்கும். தொறக்கத் தெரிஞ்சா கனெக்டரை மொதல்ல கழட்டுங்க, பேட்டரியை நெம்ப இரும்பு எதையும் யூஸ் பண்ணாதீங்க, தெரியலன்னா அப்படியே சர்வீஸ்க்குக் கொண்டு போங்க, குப்பைத் தொட்டில மட்டும் போடாதீங்க, எலக்ட்ரானிக் கழிவு வாங்கற எடத்துல குடுக்கணும். புது பேட்டரி வாங்கும்போது மாடல் பேரைப் பாத்து வாங்காம பழைய பேட்டரி மேல ஒட்டியிருக்கற பார்ட் நம்பரைப் பாத்து வாங்குங்க, ஒரே மாடல்ல ரெண்டு விதம் வந்திருக்கும். போட்ட அப்புறம் பயாஸ்ல சார்ஜ் லிமிட் 80னு வெச்சிருக்கேன், இன்னி வரைக்கும் தட்டையா இருக்கு.

பேட்டரி எவ்ளோ தேஞ்சிருக்குன்னு பாக்க விண்டோஸ்லயே வழி இருக்கு, கமாண்ட் ப்ராம்ப்ட் தொறந்து பவர்சிஎஃப்ஜின்னு இங்கிலீஷ்ல அடிச்சு, ஒரு ஸ்பேஸ் விட்டு, ஒரு சாய்கோடு போட்டு பேட்டரிரிப்போர்ட்னு சேர்த்து அடிச்சா ஒரு ரிப்போர்ட் வரும். அதுல டிசைன் கெப்பாசிட்டி (புதுசுல எவ்ளோ புடிக்கணும்), ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்ப எவ்ளோ புடிக்குது) ரெண்டையும் பாருங்க. ஊதுறதுக்கு முன்னாடி என்னோடது 52,000க்கு 31,000 காட்டிட்டு இருந்துச்சு, நான் பாக்கல. பாக்கணும்னே தோணல.

மத்ததை வேகமா சொல்லிடறேன். ரேம் போர்டுலயே ஒட்டியிருக்கும், 8னா கடைசி வரைக்கும் 8தான், எஸ்எஸ்டி மட்டும் மாத்தலாம். டச் ஸ்க்ரீன்ல மேல் கண்ணாடியும் பேனலும் ஒண்ணா ஒட்டியிருக்கும், கண்ணாடி மட்டும் கீறுனாலும் மொத்த மூடியும் மாத்தணும், அந்த செலவைக் கேட்டா வேற லேப்டாப் பாக்கத் தோணும். ஸ்க்ரீனை ஃபுல் எச்டியா மாத்திக்கலாமேன்னா, கேபிள் வேற, நிறைய மாடல்ல ஹை ரெசல்யூஷனுக்கு 40 பின், ஃபுல் எச்டிக்கு 30 பின், ரெண்டும் சேர்த்து வாங்கணும். கீல் கிட்ட ஸ்க்ரூ புடிச்சிருக்கற பித்தளை வளையம் ப்ளாஸ்டிக்ல பதிச்சிருந்தா ஒரு நாள் பிச்சுக்கிட்டு வரும், மூடியை மூலைல புடிச்சுத் தொறக்காதீங்க, நடுவுல புடிங்க. கீபோர்டுல இருக்கற விரல் எண்ணெய் மூடும்போது கண்ணாடில கட்டம் கட்டமா ஒட்டிக்கும், நடுவுல ஒரு மெல்லிசு துணி போட்டு மூடுங்க.

இப்ப இதுல விண்டோஸ் இல்ல. இந்த ஏழாவது ஜெனரேஷன் ஐ5க்கு முறைப்படி விண்டோஸ் 11 கெடையாது, 10க்கு 2025 அக்டோபர் 14ஓட வழக்கமான சப்போர்ட் முடிஞ்சுது. லினக்ஸ் போட்டேன், அதோட டெஸ்க்டாப் க்னோம்ல 200 சதவீதம்னு ஒரே செட்டிங், கோடு பிசிறில்லாம வந்துச்சு, பதினோரு ஐகான் வைத்தியம் எல்லாம் தேவைப்படல. நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்ட்ல அந்தப் புள்ளி இன்னும் வட்டமாத்தான் இருக்கு. கன்வர்ட்டர் மட்டும் வைன் (Wine)னு, விண்டோஸ் சாஃப்ட்வேரை லினக்ஸ்ல ஓட்ட வெக்கறது ஒண்ணு இருக்கு, அதுல ஓட்டறேன், பழையபடி பனி மூட்டம்.

இதையெல்லாம் அப்படியே ஃப்ரெண்டுக்கு அனுப்பிட்டு, கடைசில ஒரு வரி சேத்தேன், "உனக்கு எழுத்து பாக்கற வேலை இல்ல, ஃபுல் எச்டி மாடல் எடு, இதேதான் வேணும்னா போய் மூடியை மூடி தட்டையான எடத்துல வெச்சு நாலு மூலையும் அமுக்கிப் பாரு"ன்னு. நேத்து சாயங்காலம் போயிருக்கான். ஸ்க்ரீன் செமையா இருக்குடான்னு மொதல்ல ஒரு ஃபோட்டோ. ரெண்டு நிமிஷம் கழிச்சு, "ஒரு மூலை ஆடுது மாப்ள, விக்கறவரு மேஜை சரியில்லன்னு சொல்றாரு."

தரைல வெச்சுப் பாக்கச் சொன்னேன்.